புகைப் பெட்டியைக் கழற்றினால் லாபம் யாருக்கு?

மாலையில் வேலை முடிந்து சயான்-பன்வேல் நெடுஞ்சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சிக்னலில் பச்சை விழுந்ததும் நாலைந்து லாரிகள் ஒன்றாகக் கிளம்பும். அவற்றில் ஒன்று கருமேகம் போல் புகையைக் கக்கிவிட்டுப் போகும். எல்லாரும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக் கொள்வோம். அதற்குப் பின்னாலேயே வரும் இன்னொரு லாரி, அதே பளுவை ஏற்றிக் கொண்டு, புகையே இல்லாமல் நம்மைக் கடந்து செல்லும்.

இரண்டும் ஒரே பம்பில் டீசல் போட்ட வண்டிகளாக இருக்கலாம். வித்தியாசம், இரண்டாவது வண்டியின் அடியில் சைலன்சர் இருக்கும் இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு பெரிய பெட்டியில் இருக்கிறது. புகையைப் பிடித்து வைத்து, எரித்து, விஷத்தை முறித்து வெளியே விடுவது அந்தப் பெட்டியின் வேலை.

மும்பைத் தமிழர்களில் லாரியோடு சம்பந்தப்பட்டவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. கலம்போலியில் லாரி ஓட்டுகிறவர்கள், வாஷி மார்க்கெட்டில் சரக்கு இறக்குகிறவர்கள், பிவண்டி கிடங்குகளில் பில் எழுதும் குமாஸ்தாக்கள், சாலையோர ஒர்க்ஷாப்பில் எஞ்சினைப் பிரித்துப் போடும் மெக்கானிக்குகள் என்று எத்தனையோ பேர். இவர்களில் புதிய லாரியோடு பழகியவர்களைக் கேட்டால் அந்தப் பெட்டியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் குறைவு. “யூரியா தீர்ந்தால் வண்டி படுத்து விடுகிறது. சென்சார் கெட்டால் நடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். கழற்றிப் போட்டு விட்டால் நிம்மதி” என்பார்கள்.

கழற்றிப் போடலாமா? போட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் அமெரிக்கா வரை போய் வர வேண்டும். ஏனென்றால் அங்கே லட்சக்கணக்கான பேர் ஏற்கெனவே கழற்றிப் பார்த்து விட்டார்கள். கனரகப் பிக்-அப் என்ற வண்டியை வைத்திருப்பவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே இந்தப் பெட்டியைப் பற்றி ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக வழக்கு நடந்து வருகிறது.

வீட்டு வாசலில் ஒரு லாரி

பிக்-அப் என்றதும் நமக்கு நினைவு வருவது, தக்காளிக் கூடைகளை ஏற்றிக் கொண்டு விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போகும் சின்ன வண்டி. அமெரிக்காவின் கனரகப் பிக்-அப் வேறு இனம். முன்புறம் காரைப் போல் ஐந்து பேர் சொகுசாக உட்கார இடம். பின்புறம் திறந்த தொட்டி. பளுவோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை சுமார் 3,850 கிலோவில் தொடங்கி 6,350 கிலோ வரை இருக்கலாம். பின்னால் டிரெய்லரை மாட்டினால் குதிரைகளை ஏற்றிச் செல்லலாம், டிராக்டரை ஏற்றலாம், வீட்டையே இழுத்துக் கொண்டு போகலாம்.

இதை வாங்குகிறவர்கள் பெரிய கம்பெனிகள் மட்டும் அல்ல. விவசாயி வாங்குகிறார். வீடு கட்டும் மேஸ்திரி வாங்குகிறார். வேலையில்லாத நாளில் மனைவி மக்களை ஏற்றிக் கொண்டு கடைக்குப் போவதும் அதே வண்டியில்தான். லாரியும் அதுவே, குடும்பக் காரும் அதுவே.

ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம் ஆகிய மூன்று பெயர்கள்தான் இந்தச் சந்தையை ஆளுகின்றன. ராம் வண்டிக்கு டீசல் எஞ்சின் செய்து கொடுப்பது கம்மின்ஸ் கம்பெனி. இந்தப் பெயர் மராட்டிய மாநிலத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. 1962-ல் கிர்லோஸ்கருடன் கூட்டாகப் புணேயில் தொழில் தொடங்கிய அதே கம்பெனிதான்.

1989-ல் அந்த வண்டியில் முதன் முதலாகக் கம்மின்ஸ் எஞ்சினை வைத்தபோது அதன் சக்தி 160 குதிரைத் திறன். 2025-ம் ஆண்டு மாடலில் அது 430 குதிரைத் திறன். பளுவை இழுக்கும் சுழல்விசையோ இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. சக்தி இவ்வளவு கூடியபோதே, வெளிவரும் புகை பழைய அளவில் சிறு துளியாகக் குறைய வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. தகராறின் ஆரம்பம் அங்கேதான்.

டீசலின் இரண்டு குற்றங்கள்

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் 1892-ல் பதிவுரிமைக்கு விண்ணப்பித்து, 1897-ல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் இது. ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கினால் அது கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் தானாகவே பற்றிக் கொள்ளும். இதனால் பெட்ரோல் எஞ்சினைவிட எண்ணெய் மிச்சம், இழுக்கும் பலமும் அதிகம்.

ஆனால் இந்த முறையில் இரண்டு குற்றங்கள் கூடவே பிறக்கின்றன. ஒன்று, சரியாக எரியாத எண்ணெயிலிருந்து வரும் கரித்தூள். மற்றொன்று, அதிகச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு. கரி கண்ணுக்குத் தெரியும். வாயு பெரும்பாலும் தெரியாது.

இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் எஞ்சினுக்குள்ளேயே அடக்குவது கடினம். விறகடுப்பைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நன்றாக ஊதித் தகதகவென்று எரிய விட்டால் புகை குறையும், சூடு கூடும். தணித்து வைத்தால் சூடு குறையும், புகை மண்டும். டீசல் எஞ்சினிலும் அப்படித்தான். நன்றாக எரிந்தால் கரி குறைந்து வாயு கூடுகிறது. தணிந்து எரிந்தால் வாயு குறைந்து கரி கூடுகிறது.

கரித்தூள் நுரையீரலின் அடியாழம் வரை போகிறது. நைட்ரஜன் ஆக்சைடு மூச்சுக் குழாயைப் புண்ணாக்குவதோடு, வெயிலில் மற்ற ஆவிகளோடு சேர்ந்து ஓசோனாகவும் நுண்தூளாகவும் மாறுகிறது. 2012 ஜூன் மாதம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயம் என்று முதல் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் பட்டியல் அது.

சட்டம் இறுகிய கதை

அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் 1970-ல் வந்தது. அதே ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சியும் அமைக்கப்பட்டது. கனரக டீசல் எஞ்சின்களுக்கு அது விதித்த அளவுகள் படிப்படியாக இறுகின. ஒரு குதிரைத் திறனை ஒரு மணி நேரம் கொடுக்கும் எஞ்சின் எத்தனை கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்பதுதான் கணக்கு. 1988-ல் 10.7 கிராம். 1991-ல் 5 கிராம். 1998-ல் 4 கிராம். 2010-ல் 0.2 கிராம்! கரித்தூளின் அளவும் 1988-ல் இருந்த 0.6 கிராமிலிருந்து 2007-ல் 0.01 கிராமாகக் குறைக்கப்பட்டது. அதாவது அறுபதில் ஒரு பங்கு.

இதற்கு முதலில் டீசலையே சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. டீசலில் கந்தகம் இருந்தால் புகையைச் சுத்திகரிக்கும் சாதனங்கள் கெட்டு விடும். ஆகவே 2006-ல், பத்து லட்சம் பங்கில் 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம் 15 பங்குக்குக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு மூன்று சாதனங்கள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கின.

முதலாவது, இ.ஜி.ஆர். எனப்படும் குழாய். வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர வைத்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. எரியும் சூடு தணிகிறது. நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது.

இரண்டாவது, டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி. தேன்கூடு போன்ற பீங்கான் உருளை. ஒரு பக்கம் திறந்த துளை மறு பக்கம் மூடியிருக்கும். புகை சுவரைத் துளைத்துக் கொண்டுதான் போக வேண்டும். கரி சுவரில் தங்கி விடும். கரி நிறைந்ததும் வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக்கி, சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்குகிறார்கள்.

மூன்றாவது, எஸ்.சி.ஆர். நம் டிரைவர்கள் ‘யூரியா சிஸ்டம்’ என்பது இதைத்தான். நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியாவும் மீதி உப்பு நீக்கிய தண்ணீரும் கலந்த கரைசல் தனி டேங்கில் இருக்கும். அது சூடான புகையில் பீச்சப்படும்போது அம்மோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் முறித்து விடுகிறது. நைட்ரஜன், நாம் மூச்சு விடும் காற்றிலேயே ஐந்தில் நாலு பங்கு இருக்கும் வாயு, தீங்கற்றது.

நினைத்துப் பார்த்தால் இது ஓர் அற்புதம்தான். சைலன்சருக்குப் பதிலாக, ஓடும் வண்டியின் அடியில் ஒரு சிறிய ரசாயனத் தொழிற்சாலையே நடக்கிறது.

வண்டிக்காரர் கொதிப்பது ஏன்?

தொழிற்சாலை என்றால் அதைக் கவனிக்க ஆள் வேண்டும். வண்டிக்காரரின் மனக்குறையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. அந்த மனக்குறை பொய்யும் அல்ல.

வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் வண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அரை மைல் போய் நிறுத்தி, மறுபடி அரை மைல் போனால் சூடு ஏறாது. வடிகட்டி அடைத்துக் கொள்ளும். இ.ஜி.ஆர். குழாயில் கரி படியும். குளிர்காலத்தில் யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்து போகும். ஒரு சிறிய சென்சார் தவறாகச் சொன்னாலும் கம்ப்யூட்டர் அதை நம்பி எஞ்சின் சக்தியைக் குறைத்து விடும். சில வண்டிகள் மணிக்கு 5 மைல் வேகத்துக்கு இறங்கி விடும். அறுவடைக் காலத்தில், ஊருக்கு அப்பால் நூறு மைல் தொலைவில் இப்படி நடந்தால் ஒரு விவசாயி என்ன செய்வார்? வாரண்டி முடிந்த வண்டியில் வடிகட்டியை மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் பிடிக்கும்.

யூரியா என்பதும் சாதாரணப் பொருள் அல்ல என்பதை 2021-ல் உலகம் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் தென்கொரியாவில் லாரிகள் நிற்கும் நிலை வந்தது. நவம்பரில் அந்த நாடு ராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் கரைசலைக் கொண்டு வந்தது. லாரி ஓட விமானம் பறந்த கதை இது!

ஐந்தரை லட்சம் வண்டிகள்

இந்தக் கொதிப்பைக் காசாக்கச் சிலர் கிளம்பினார்கள். கம்ப்யூட்டரின் மூளையை மாற்றி எழுதும் கருவியும், வடிகட்டிக்குப் பதிலாக மாட்ட வெறும் இரும்புக் குழாயும் விற்பனைக்கு வந்தன. பெட்டியைக் கழற்றி விட்டுக் குழாயை மாட்டி, ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக் கொடுத்து விட்டால் போதும். விளக்கு எரியாது. வண்டி படுக்காது. சக்தியும் கூடும். சிலர் இதற்கும் மேலே போய், வேண்டுமென்றே எண்ணெயைக் கூடுதலாகப் பீச்சிச் சாலையில் போகிறவர்கள் மேல் கரும்புகையை ஊதி வேடிக்கை பார்த்தார்கள்.

தூய காற்றுச் சட்டப்படி இவை எல்லாமே குற்றம். இருந்தும் எத்தனை பேர் செய்தார்கள்? 2020 நவம்பரில் ஏஜென்சி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்-அப் வண்டிகளில் பெட்டி செயலிழக்கப்பட்டிருந்தது என்று அது மதிப்பிட்டது. புகைக்கட்டுப்பாட்டோடு விற்கப்பட்ட அந்த இன வண்டிகளில் நூற்றுக்குப் பதினைந்து.

நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றலாம். அந்த வண்டிகள் தங்கள் ஆயுட்காலத்தில் கூடுதலாக விடும் நைட்ரஜன் ஆக்சைடு 5 லட்சத்து 70 ஆயிரம் டன். கரித்தூள் 5 ஆயிரம் டன். ஒழுங்கான பிக்-அப் வண்டிகள் இன்னும் 90 லட்சத்தைச் சாலையில் கொண்டு வந்து விட்டால் எவ்வளவு காற்று கெடுமோ, அவ்வளவை இந்த ஐந்தரை லட்சமே கெடுக்கின்றன என்று அறிக்கை கூறிற்று. ஒழுங்காக ஓடும் வண்டி அவ்வளவு சுத்தமாகி விட்டதால்தான், கழற்றிய ஒரு வண்டி பதினாறு வண்டிகளுக்குச் சமமாக நிற்கிறது. நூறு பேர் செய்த நன்மையைப் பதினைந்து பேர் கரைத்து விடுகிறார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது

வண்டிக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. எஞ்சின் செய்தவர்களே ஏமாற்றிய கதைகளும் உண்டு.

1998-ல் அமெரிக்க அரசு ஏழு பெரிய டீசல் எஞ்சின் கம்பெனிகள் மீது ஒரே சமயத்தில் நடவடிக்கை எடுத்தது. சோதனைக்கூடத்தில் எஞ்சின் ஒழுங்காக இருக்கும். நெடுஞ்சாலைக்கு வந்ததும் எண்ணெயை மிச்சப்படுத்த வேறு விதமாக ஓடும். அப்படிக் கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 8 கோடியே 34 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2015 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் இதே தந்திரத்தில் அகப்பட்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்!

பிறகு 2023 டிசம்பரில் கம்மின்ஸின் முறை வந்தது. 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்-அப் வண்டிகளுக்குக் கொடுத்த சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் எஞ்சின்களில் ஏமாற்றும் ஏற்பாடு இருந்ததாகவும், 2019 முதல் 2023 வரையிலான சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் எஞ்சின்களில் சொல்லாமல் விட்ட ஏற்பாடுகள் இருந்ததாகவும் அரசு கூறியது. கம்பெனி 167 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக் கொண்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்ட அபராதங்களில் மிகப் பெரியது இதுதான். பழைய வண்டிகளை இலவசமாகச் சரி செய்து கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கெட்ட காற்றுக்கு ஈடாக 27 பழைய டீசல் ரயில் எஞ்சின்களை மாற்றிக் கொடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 200 கோடி டாலருக்கு மேல். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகச் சான்று இல்லை, குற்றத்தை ஒப்புக் கொள்ளவும் இல்லை என்று கம்பெனி கூறியது. அதையும் சொல்லி விட வேண்டும்.

ஒரு விவசாயி இதைப் படித்து விட்டு என்ன நினைப்பார்? “பெரியவர்களே ஏமாற்றும்போது நான் மட்டும் ஏன் பணத்தைக் கொட்டி இந்தப் பெட்டியைக் காக்க வேண்டும்?” என்றுதான் நினைப்பார். சட்டத்தின் மேல் நம்பிக்கை போவதுதான் இதில் மிகப் பெரிய நஷ்டம்.

இனி என்ன?

2022 டிசம்பரில் ஏஜென்சி இன்னும் ஒரு படி இறுக்கியது. 2027 மாடல் கனரக எஞ்சின்களில் நைட்ரஜன் ஆக்சைடு 0.2 கிராமிலிருந்து 0.035 கிராமாகக் குறைய வேண்டும். எஞ்சினுக்கான வாரண்டியும் நீண்ட காலத்துக்கு இருக்க வேண்டும். அரசு மாறிய பின் 2025 மார்ச்சில் அதே ஏஜென்சி இந்த விதியை மறுபரிசீலனை செய்யப் போவதாக அறிவித்தது.

2025 ஆகஸ்டில் மற்றொரு முக்கிய மாற்றம் வந்தது. யூரியாக் கோளாறு ஏற்பட்டால் வண்டியை உடனே முடக்கக் கூடாது என்று ஏஜென்சி கம்பெனிகளுக்கு வழிகாட்டியது. பெரிய லாரிகளில் முதல் 650 மைலுக்கு எச்சரிக்கை விளக்கு மட்டும். அதன் பிறகுதான் சக்தி கொஞ்சம் குறையலாம். 2027 மாடல் முதல் வண்டிகளை அதற்கேற்றபடியே வடிவமைக்க வேண்டும். இது நல்ல யோசனை என்றே சொல்ல வேண்டும். வண்டிக்காரருக்குப் பழுது பார்க்க அவகாசம் கிடைத்தால், பெட்டியைக் கழற்றும் ஆத்திரம் அவருக்கு வராது.

பாட்டரி வண்டி வந்து விட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பவர்கள் உண்டு. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். ஆனால் கனரகப் பிக்-அப் வாங்குகிறவர் பளுவை இழுக்கத்தான் வாங்குகிறார். பெரிய டிரெய்லரை மாட்டினால் பாட்டரி வண்டி போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகி விடுகிறது. அதை விட ஒரு படி லேசான பிக்-அப்களிலேயே ராம் கம்பெனி தன் முழு மின்சார வண்டித் திட்டத்தை 2025 செப்டம்பரிலும், ஃபோர்டு தன் முழு மின்சார எஃப்-150 வண்டியை அதே டிசம்பரிலும் கைவிட்டன. கலிபோர்னியா மாநிலம் புகையற்ற லாரிகளைக் கட்டாயமாக்கக் கொண்டு வந்த விதிக்கான அனுமதியையும் 2025-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்தது. ஆகவே அடுத்த பல ஆண்டுகளுக்குக் கனரகப் பளு டீசலில்தான் ஓடும். கொஞ்சம் பெட்ரோலுக்குத் திரும்பும். பெட்டியோடு குடித்தனம் நடத்தித்தான் ஆக வேண்டும்.

நம் சாலையில்

இப்போது மும்பைக்குத் திரும்புவோம். நம் நாட்டில் 2016 ஜனவரியில் மத்திய அரசு துணிச்சலான ஒரு முடிவு எடுத்தது. பாரத் ஸ்டேஜ் 4-லிருந்து 5-ஐத் தாண்டி நேரே 6-க்குப் போவது என்பது அந்த முடிவு. 2020 மார்ச் 31-க்குப் பிறகு 4-ம் ஸ்டேஜ் வண்டி விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் 6-ம் ஸ்டேஜ் வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. கனரக எஞ்சினின் நைட்ரஜன் ஆக்சைடு அளவு ஒரு யூனிட் சக்திக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமாகக் குறைந்தது. அதாவது அமெரிக்கப் பிக்-அப்பில் இருக்கும் அதே பெட்டிகள் நம் லாரிக்கும் வந்து விட்டன. அங்கே இருக்கும் அதே மனக்குறைகளும் வந்து விட்டன. யூரியாவை ஏமாற்றும் கருவிகளும் வந்து விட்டன.

இங்கே நமக்கு ஒரு கூடுதல் சங்கடம். டீசல் வண்டிக்குப் பி.யூ.சி. சர்டிபிகேட் கொடுக்கும் இடத்தில் புகை எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆகவே யூரியா சிஸ்டத்தை நிறுத்தி விட்ட லாரியும் சோதனையில் தேறி, சர்டிபிகேட்டோடு சாலைக்கு வந்து விடலாம். கண்ணுக்குத் தெரியாத திருட்டுக்குக் கண்ணால் பார்க்கும் போலீஸ் போதாது. புதிய வண்டிகளைச் சோதனைக்கூடத்தில் மட்டுமின்றிச் சாலையிலும் அளக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்திருக்கிறது. ஓடிக் கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்கும் அது போன்ற ஒரு சோதனை வந்தாக வேண்டும்.

பெட்டியைக் கழற்றுகிறவர் சட்டத்தையும் நினைவில் வைப்பது நல்லது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியை அனுமதியின்றி மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். இது தவிர 2025 நவம்பர் 1 முதல், டெல்லிக்கு வெளியே பதிவான சரக்கு வண்டிகளில் 3-ம் ஸ்டேஜும் அதற்கு முந்தியவையும் டெல்லிக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. 4-ம் ஸ்டேஜ் வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரைதான் தவணை கொடுக்கப்பட்டது. மும்பையிலிருந்து டெல்லிக்குச் சரக்கு புக் செய்யும் குமாஸ்தாக்கள் எந்த லாரியை அனுப்புவது என்று பார்த்து அனுப்ப வேண்டிய காலம் இது.

ஆறாம் ஸ்டேஜ் வண்டி ஓட்டும் நண்பர்களுக்குச் சில யோசனைகள். வயலுக்குப் போடும் யூரியாவை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றாதீர்கள். அதில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது, அசுத்தங்களும் உண்டு. அது விலை உயர்ந்த பெட்டியைப் பாழாக்கி விடும். குழாய்த் தண்ணீரும் ஆகாது. வடிகட்டி விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் தானே எரிந்து சுத்தமாகும். எரியும்போது பாதியில் எஞ்சினை நிறுத்தாதீர்கள். கம்பெனி சொன்ன, சாம்பல் குறைந்த எஞ்சின் ஆயிலையே ஊற்றுங்கள். விளக்கு அணையவில்லை என்றால், வாரண்டி இருக்கும்போதே எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிக் கொள்ளுங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. யூரியாச் செலவைக் கணக்கில் காட்டினால் டிரைவரைக் கடிந்து கொள்ளாதீர்கள். பெட்டி கெட்டு வண்டி நின்ற நாளுக்கு அவர் பேட்டாவைப் பிடிக்காதீர்கள். அமெரிக்காவின் அனுபவம் சொல்வது இதைத்தான்: பழுது பார்க்கும் செலவையும் நஷ்டத்தையும் கடைசியில் வண்டியை ஓட்டுகிறவன் தலையில் கட்டினால், அவன் பெட்டியைக் கழற்றத்தான் வழி தேடுவான். எவ்வளவு சட்டம் போட்டாலும் சரி.

கழற்றினால் லாபம் யாருக்கு என்று தொடக்கத்தில் கேட்டோம். கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தால் வரவு ஒருவர் பெயரில் விழுகிறது. யூரியாக் காசும் சர்வீஸ் காசும் அவருக்கு மிச்சம். பற்று வேறொருவர் பெயரில் விழுகிறது. நெடுஞ்சாலையோரக் குடிசையில் தூங்கும் குழந்தை, டிராபிக் போலீஸ்காரர், தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அம்மா, பஸ்ஸுக்கு நிற்கும் நாம். இவர்களில் யாரும் அந்த லாரிக்குச் சொந்தக்காரர் இல்லை. அதன் வாடகையில் ஒரு ரூபாய்கூடக் கண்டவர் இல்லை. எல்லாருக்கும் முன்னால் அந்தப் புகையைச் சுவாசிப்பவரோ, நாளெல்லாம் அதன் நடுவே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் டிரைவர்தான்.

அடுத்த முறை சிக்னலில் ஒரு புது லாரி புகையில்லாமல் நம்மைக் கடந்து போனால், அதன் கரி வடிகட்டியை யாரும் கழற்றவில்லை, டிரைவர் அதை ஒழுங்காகக் காத்து வருகிறவர் என்று நம்பலாம். கைக்குட்டை சட்டைப் பையிலேயே இருப்பது அவர் புண்ணியத்தில்தான்.